மடைக்காரன் மடிக்காத இலை

மடைக்காரன் ஒச்சப்பன் மழைக்காலத்தில் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டான். நடந்த தப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

ராஜாக்கள் குதிரையில் போய், குடிகள் காலால் நடந்த காலம். நெடுங்கரை என்று ஓர் ஊர். ஊரைவிடப் பெரியது ஊரின் ஏரி. ஏரி நிறைந்தால் ஊருக்குச் சோறு. கரை உடைந்தால் ஊரே இல்லை.

ஏரிக்கு அடியில், கரையிலிருந்து முப்பது முழம் தள்ளி, ஒரு கல்மடை. அதன் வாயில் ஒரு மர அடைப்பு. தண்ணீர் தளும்பும்போது ஓர் ஆள் மூச்சைப் பிடித்து மூழ்க வேண்டும். அடைப்பைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். பிடுங்க வேண்டும். பிடுங்கிய மறுகணம் தண்ணீர் ஆளையும் சேர்த்து உறிஞ்சும். அதனால் மூழ்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு. இரண்டு சுண்டு சுண்டினால் கரையில் இருப்பவர் வெடுக்கென்று இழுத்துவிட வேண்டும்.

மூழ்குகிறவன் ஒச்சப்பன். கயிறு பிடிக்கிறவள் அவன் பெண்சாதி.

இந்த வேலைக்காக ஊர் அவனுக்கு இரண்டு மா நன்செய் நிலம் விட்டிருந்தது. சும்மா விடவில்லை. ஒரு கட்டும் போட்டிருந்தது. ஐப்பசியில் முதல் மழை விழுந்தது முதல் கார்த்திகை முடியும்வரை மடைக்காரன் அரை வயிறுதான் சாப்பிட வேண்டும். காலையில் கஞ்சி. மாலையில் கஞ்சி. நிறைந்த வயிற்றில் மூச்சு நிற்காது. மழை எப்போது கூப்பிடும் என்று யாருக்கும் தெரியாது.

ஒச்சப்பன் நாற்பது நாள் கஞ்சி குடித்தான். பத்தாம் நாள் கஞ்சியை முறைத்தான். இருபதாம் நாள் கஞ்சியோடு பேசினான். நாற்பதாம் நாள் தூக்கத்தில் வடை கேட்டான்.

நாற்பத்தோராம் நாள் வானம் வெளுத்தது. அன்று சாத்தன்பேட்டையில் சந்தை. திருமேனி என்ற சமையற்காரர் அங்கே புதிதாகச் சோற்றுக்கடை போட்டிருந்தார். ஒரு மரக்கால் நெல்லைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் போதும். நீங்கள் இலையை மடிக்கும்வரை பரிமாறுவார்கள். மடிக்காவிட்டால் நிறுத்த மாட்டார்கள்.

ஒச்சப்பன் நெல்லை மூட்டை கட்டினான்.

“எங்க கிளம்பியாச்சு?” என்றாள் பெண்சாதி.

“சந்தைக்கு. கயிறு வாங்கணும்.”

“போன வாரம்தான புதுசு திரிச்சேன்.”

“இன்னொண்ணு கிடந்தா நல்லதுதான.”

அவள் மூட்டையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். “கயிறு விக்கிறவன் இலை போட்டான்னா உக்காந்துராத,” என்றாள்.

அவன் காதில் விழாத மாதிரி நடந்தான்.

கடையில் பந்தி நடந்துகொண்டிருந்தது. முதல் சோற்றுக்குப் புளிக்குழம்பு. இரண்டாம் சோற்றுக்கு மிளகுச்சாறு. மூன்றாம் சோற்றுக்கு மோர். எல்லோரும் மோரோடு இலையை மடித்து எழுந்தார்கள். ஒச்சப்பன் மடிக்கவில்லை. மறுபடியும் குழம்பிலிருந்து ஆரம்பித்தான்.

இரண்டாம் பந்தி உட்கார்ந்தது, எழுந்தது. அவன் இருந்தான். மூன்றாம் பந்தி உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு வெற்றிலை வியாபாரி வந்து அமர்ந்தான்.

“அண்ணே, நீங்க போன பந்தியிலயும் இருந்தாப்பல இருக்கே.”

“அதுக்கு முந்தின பந்தியிலயும் இருந்தேன்.”

“அப்ப வாடகைக்கே பிடிச்சிருக்கீங்க.”

“குடுத்தது ஒரு மரக்கால் நெல்லு. விட்டுட்டுப் போகச் சொல்றியா?”

பரிமாறுகிறவன் குனிந்து, “ஐயா, இலைய மடிக்கலாமே,” என்றான்.

“ஏன், பானை காலியா?”

“பானை இருக்கு. எனக்குக் கைதான் கழண்டு போச்சு.”

திருமேனியே வந்து பார்த்தார். கோபப்படவில்லை. தொழில் தெரிந்தவர். “பாயசம் இருக்கு. போடட்டுமா?” என்றார். ஒச்சப்பனுக்கு வாய் திறக்க இடமில்லை. தலையை ஆட்டினான். மூன்று அகப்பை விழுந்தது. மூன்றும் போனது.

பிறகு இலையை மடிக்கக் குனிந்தான். குனிய முடியவில்லை. நடுவில் வயிறு இருந்தது. நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அவன் இலையை வெற்றிலை வியாபாரி மடித்தான்.

திண்டாட்டம் இனிமேல்தான்.

அவன் சோற்றில் இருந்தபோது மேற்கே மலை கறுத்துவிட்டது. வெள்ளம் ஓடைகளில் இறங்கி ஏரிக்கு வந்துவிட்டது. நெடுங்கரையிலிருந்து தலையாரி ஓடிவந்தான்.

“மடைக்காரரே, ஏரி கரையைத் தொடுது. உடனே வாங்க.”

ஒச்சப்பன் வந்தான். நடந்து அல்ல. வாழைத்தார் ஏற்றும் வண்டியில், மல்லாந்து.

கரையில் ஊரே கூடைகூடையாக மண் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு சாண் கரைதான் மிச்சம். ஓரிடத்தில் ஈரம் கசியத் தொடங்கியிருந்தது. நாட்டாமை குருநாதர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா இது, ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னா குதிரைக் கொள்ளு மூட்டையக் கொண்டு வந்திருக்கீங்க?”

“நாந்தான்யா,” என்றது மூட்டை.

ஒச்சப்பன் தண்ணீரில் இறங்கினான். மூழ்கினான். சுரைக்குடுக்கை மாதிரி மேலே வந்தான். ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு மறுபடி மூழ்கினான். பாதி ஆழத்தில் ஓர் ஏப்பம் புறப்பட்டது. ஏப்பம் மேலே போக, தண்ணீர் உள்ளே போக, ஆளை இழுத்துப் போட்டார்கள். மூன்றாம் தடவை தண்ணீருக்கே போகவில்லை. கரையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தான். கழுத்துக்குக் கீழே இறங்கவில்லை.

ஊர் வைத்தியத்தில் இறங்கியது. வைத்தியர் சுக்கும் ஓமமும் காய்ச்சிக் கொடுத்தார். கஷாயம் போன வழியே திரும்பி வந்தது, உள்ளே இடமில்லை. இரண்டு மல்லர்கள் அவனைக் கரைமேல் அம்மிக்குழவி மாதிரி முன்னும் பின்னும் உருட்டினார்கள். மல்லர்களுக்கு வேர்த்தது. கடைசியில் தொண்டைக்குள் மயிலிறகை விட்டார்கள். பாயசம் மட்டும் வந்தது. அதற்கே அவனுக்குக் கண் இருட்டிவிட்டது.

“இன்னிக்குப் பார்த்தாடா உனக்குப் பசிக்கணும்?” என்றார் நாட்டாமை. “கரை போனா ஊரு போச்சு. உன் ரெண்டு மாவும் போச்சு.”

கசிவு ஓடையாகிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் ஒச்சப்பனுக்குக் கேட்டது. தான் ஒவ்வொரு கவளமாக உருட்டிப் போட்டது ஊரின் கழுத்தில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவன் பெண்சாதி சேலையைக் கொசுவி வரிந்து கட்டினாள். கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றினாள்.

நாட்டாமை தடுத்தார். “தாயி, பொம்பளை மடையில இறங்கின வழக்கம் இல்ல.”

“மடைக்காரன் தின்னுட்டு உருண்டு கிடந்த வழக்கம் இருக்கா?”

“உனக்கு மூழ்கத் தெரியுமா?”

“எங்கப்பாவும் மடைக்காரர்தான். ஏழு வயசுலயே தெரியும். இந்த ஊருல யாரு கேட்டா?”

கயிற்றின் மறுமுனையை ஒச்சப்பன் கையில் திணித்தாள். “ரெண்டு சுண்டு சுண்டுனா இழுக்கணும். தூங்கிராத.”

“வேண்டாம்டி,” என்றான் அவன்.

“அப்ப நீ இறங்கு.”

அவள் மூழ்கிவிட்டாள்.

தண்ணீர் மூடியது. மூன்று ஆட்கள் ஓடிவந்து ஒச்சப்பனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார்கள். ஒச்சப்பன் கயிற்றைப் பார்த்தபடி எண்ணினான். இருபது. நாற்பது. அறுபது. கயிறு அசையவில்லை. இத்தனை மழைக்காலமும் இந்த முனையில் அவள் நின்றிருக்கிறாள். அது எப்படிப்பட்ட நிற்பு என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. தண்ணீருக்குள் இருப்பது எவ்வளவோ தேவலை என்று நினைத்தான். எழுபது. எண்பது.

கயிறு இரண்டு சுண்டு சுண்டியது.

இழுத்தான். அதே நேரம் மடையும் இழுத்தது. கயிறு நாணாக விறைத்தது. பின்னால் பிடித்திருந்த மூன்று ஆட்களும் சேற்றில் வழுக்கி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, கரைக்கு அந்தப் பக்கம் போனார்கள். ஒச்சப்பன் பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் நகரவில்லை. மூன்று பந்திச் சோற்றை எந்த வெள்ளத்தால் நகர்த்த முடியும்? உட்கார்ந்த இடத்திலிருந்தே கைமாற்றிக் கைமாற்றி இழுத்தான். உள்ளங்கை உரிந்தது. விடவில்லை.

அவள் தலை மேலே வந்தது.

கரைக்குக் கீழே வாய்க்கால் உறுமிக்கொண்டு ஓடியது. ஏரி ஒரு விரற்கடை இறங்கியது. பிறகு ஒரு சாண் இறங்கியது. கசிவு நின்றது. மண்கூடையைத் தலையில் வைத்திருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள்.

அவள் தண்ணீரைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள். ஊரே அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தது.

“பசிக்குது,” என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒச்சப்பன் எழுந்து புதர்ப்பக்கம் போனான். மயிலிறகால் வராததெல்லாம் தானாக வந்தது. திரும்பி வந்து, மூன்று நாள் கஞ்சிகூட வேண்டாம் என்றான்.

நாலாம் நாள் ஊர் கூடியது. நிலத்தைப் பிடுங்க வேண்டும் என்று பாதிப் பேர். மன்னிக்கலாம் என்று மீதிப் பேர். ஒச்சப்பன் தானே எழுந்தான்.

“மூழ்குனவங்களுக்குத்தான நிலம். அவ பேருக்கே விடுங்க. நான் கயிறு பிடிக்கிறேன். அதுக்கு நான் தோதான ஆளுதான்.”

ஊர் சிரித்தது. அவனும் சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இன்னும் வலித்தது.

ஏரி வற்றியதும் மடையில் பதிக்க ஒரு கல் வெட்டச் சொன்னது ஊர். கல்தச்சன் உளியோடு வந்தான். மடை திறந்தவள் பெயரைக் கேட்டான். நாட்டாமை விழித்தார். கிழவர்கள் விழித்தார்கள். பன்னிரண்டு வருஷமாக அவளை எல்லோரும் ஒச்சப்பன் பெண்சாதி என்றே கூப்பிட்டிருந்தார்கள். அவளாகத்தான் சொன்னாள்.

கதை இவ்வளவுதான். நீதியையும் கேட்டுவிட்டு எழுந்து போங்கள்: பிறர் உயிரைக் காக்கும் வேலையை ஏற்றவர் முதலில் தம் வாயைக் காக்க வேண்டும்.

கோடையில் ஏரி வற்றினால் அந்தக் கல் தெரியும். அதில் ஒரே ஒரு பெயர்தான் வெட்டியிருக்கிறது.

காராயி.