சமையல்கூடத்துக்குப் பின்னால் எடுத்த கல்

குருவுக்குத் தாடி இல்லை. தொப்பியும் சுத்தியலும் உண்டு. பெயர் வேதநாயகம். தங்கம் தேடும் முகாமில் பல வருஷமாகப் பாறை படிக்கிறவர். சிஷ்யை சுடரொளி வந்து சேர்ந்தது போன தை மாதம்தான்.

மலையடியில் காரைக்குழி என்றொரு ஊர். முகாமுக்கும் ஊருக்கும் ஒரே போர்வெல். ஊரில் பலருக்கு உள்ளங்கை தடித்து, புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. தண்ணீரில் ஆர்சனிக் விஷம் ஏறியிருக்கிறதா, லாரித் தண்ணீர் கேட்கலாமா என்று ஊர் முகாமிடம் கேட்டது.

குரு டாக்டரைப் பார்க்க டவுனுக்குப் போயிருந்தார். பதில் சொல்ல சுடரொளிதான் போனாள்.

"போர்வெல் பாறையில ஆர்சனிக் கூடல. மாறாத பாறையில எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கு."

"பாத்தீங்களா, இயற்கைங்கறது இயற்கைதான்" என்றார் முகாம் மேனேஜர், மூக்கால்.

"அப்ப இது உழைச்ச கைதான். விடுங்கப்பா" என்று ஊர்த்தலைவர் துண்டை உதறி எழுந்தார். லாரி வேண்டாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் குரு திரும்பினார். நடந்ததைக் கேட்டார்.

"எப்படிப் பார்த்தே?"

"கொதிக்கிற தண்ணி பாறைக்குள்ள ஏறினா சோடியத்தைக் கழுவிட்டுப் போகும். ஆர்சனிக்கையும் தங்கத்தையும் வச்சிட்டுப் போகும். டைட்டானியம் மட்டும் அசையாது. அதை அளவுகோலாப் பிடிச்சுக்கிட்டு, தண்ணி ஏறாத, மாறாத பாறையோட ஒப்பிட்டேன் சார்."

"கணக்கு சரி. மாறாத பாறைன்னு எதை எடுத்தே?"

"சமையல்கூடத்துக்குப் பின்னால இருக்கறதை. எல்லாரும் அங்கதான் எடுப்பாங்களாம். சாம்பல் நிறம், நல்ல கெட்டி."

குரு தன் உள்ளங்கையை நீட்டினார். தடிப்பு. கறுப்புப் புள்ளிகள்.

"இது?"

"சுத்தியல் பிடிச்ச கை சார்."

"மாரப்பன் கை?"

"அடுப்புக் கை."

"என் கையை ஏம்மா இழுக்கறே" என்றான் சமையல்கார மாரப்பன், உள்ளேயிருந்து. "தோசைக்கல்லுல ஒரு நாள் நின்னு பாரு, தெரியும்."

"யார் கையோட ஒப்பிட்டு இதெல்லாம் சொல்றே?" என்றார் குரு.

"இங்க எல்லார் கையும் இப்படித்தானே சார்..."

அவள் நிறுத்திவிட்டாள். சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அந்தச் சாம்பல் பாறையை உடைத்தாள். உள்ளே மயிரிழை போல வெள்ளைக் கோடுகள். அவற்றின் ஓரமெல்லாம் ஆர்சனிக் தாதுவின் வெள்ளி மினுக்கம்.

திரும்பி வந்தாள்.

"கொதிதண்ணி இங்கயும் ஏறியிருக்கு சார். விஷத்தை விஷத்தோட ஒப்பிட்டிருக்கேன்."

குரு டீயைக் கையில் வைத்திருந்தார். குடிக்கவில்லை.

"மலைக்கு அந்தப் பக்கம் போய் வேற கல் எடுத்துட்டு வரேன்."

"எடு. லேபுக்கு அனுப்பு. பதில் வர்ற வரைக்கும் ஊர் குடிச்சுக்கிட்டே இருக்கும்."

"அப்ப இன்னிக்கே போய்ச் சொல்றேன், நான் சொன்னது தப்புன்னு."

"உழைச்ச கைன்னு நேத்து நீதானே நிம்மதி குடுத்தே. அதை யார் திருப்பித் தருவா?"

"எதைக் காட்டினா நம்புவாங்க சார்?"

குரு அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். காய்ப்பு இருந்தது. கறுப்பு இல்லை.

"நீயும் சுத்தியல் பிடிக்கிறவதான். போய் இதை விரிச்சுக் காட்டு. சீக்கிரம் போ. நீ குடிக்கறதும் அந்தத் தண்ணிதான்."