வலமாகச் சுற்றிய தலைவிசிறி

தெய்வசிகாமணியின் ஆட்டோகைரோ மூன்றாம் முறையும் வலப்பக்கமே சாய்ந்து மண்ணைக் கவ்வியது.

வற்றிய கண்மாய்க்குள் ஓடி அதை அள்ளி எடுத்தார். மூக்கில் மோட்டார் சுற்றும் விசிறி, தலையில் எதிர்காற்றே சுற்றிவிடும் விசிறி. ரிமோட்டில் பறக்கும், இறக்கையில்லாத குட்டி விமானம் அது. ஓய்வுபெற்ற துணைத் தாசில்தாருக்கு இரண்டு வருஷத்து உழைப்பு. இன்றைக்கும் பறக்காவிட்டால் இந்த ஆசையையே மூட்டை கட்டிவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

குட்டி விமானம் செய்யக் கற்றுத்தரும் குரு அங்கயற்கண்ணிக்கு வயது இருபத்தாறு. வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் டீச்சர் வலது பக்கமே விழுது?"

"ரெண்டு விசிறியும் எப்படிச் சுத்துது?"

"முன்னாடி நின்னு பாத்தா மூக்கு விசிறி வலம். மேலேருந்து பாத்தா தலைவிசிறியும் வலம். நல்ல காரியத்துல யாராச்சும் இடமா சுத்துவாங்களா?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் வாதாடி என்ன பயன்? அவள் இரண்டு தண்ணீர்க் கேன்களைக் காட்டினாள்.

"ரெண்டையும் வலது கையிலயே தூக்கிட்டு அந்தப் பனை வரைக்கும் நடங்க சார்."

பத்தடி போவதற்குள் மனிதர் வலப்பக்கம் கோணிக்கொண்டார். ஆடு மேய்க்கும் பெண்கள் சிரித்தார்கள். அவருக்கே சிரிப்பு வந்தது. ஒரு கேனை இடது கைக்கு மாற்றினார். நிமிர்ந்து நாலடி நடந்தவர் சட்டென்று நின்றார்.

கேன்களை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். தலைவிசிறித் தகடுகளைக் கழற்றி, எதிர்த்திசையில் சுற்றும்படி சாய்வை மாற்றி மாட்டினார். ஏவினார்.

மூக்கு விசிறி வலப்பக்கம் சாய்க்கப் பார்த்தது. தலைவிசிறி இடப்பக்கம் சாய்க்கப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவே ஆட்டோகைரோ அலுங்காமல் மேலே ஏறியது.

அறுபத்து மூன்று வயதுக்காரர் ரிமோட்டும் கையுமாகக் குதித்தார். அப்புறம் குரல் தணிந்தது.

"ஆனா டீச்சர், தலைவிசிறி இப்ப இடமால்ல சுத்துது?"

அவள் ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.

"மல்லாந்து படுத்துப் பாருங்க."

வேட்டி அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் படுத்தார். அது அவர் முகத்துக்கு நேர் மேலே வந்தது. கீழேயிருந்து பார்த்தால் வலமாகத்தான் சுற்றியது! படுத்தபடியே கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது.

"மேலேருந்து பாக்குற சாமிக்கு இடமாத்தானே தெரியும்?"

"சாமிக்கு அது பறக்குறது தெரியும் சார்."