பெடலுக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு முட்டை

எங்கள் நெட்டைப்பாறைக்கு நடந்த அநியாயங்களை முதலில் வரிசை மாறாமல் எழுதிவிடுகிறேன். வரிசை மாறினால் வரலாறு மாறிவிடும். நாற்பது வருடம் துண்டறிக்கை எழுதியவனுக்கு அது தெரியும்.

முதல் அநியாயம்: ரோடு கேட்டோம், ரோடு எங்கே வரும் என்று காட்ட மஞ்சள் கல் நட்டார்கள். கல் நட்ட விழாவில் என் பெயரை வாசிக்கவில்லை. இரண்டாவது: அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே பதினோரு நாள் உண்ணாவிரதம் இருந்தோம், ரோடு வந்தது, ஜல்லி வரைக்கும். தார் வரவில்லை. கல்வெட்டில் ஒன்பது பேர் பெயர் இருந்தது, அதில் ஒருவர் கல்வெட்டைச் செதுக்கியவர். என் பெயர் இல்லை. மூன்றாவது: பஸ் கேட்டோம், பஸ்ஸுக்குக் காத்திருக்க நிழற்குடை கட்டினார்கள். பஸ் இன்றுவரை வரவில்லை. நிழல் மட்டும் நேரம் தவறாமல் வருகிறது. அந்தச் சுவரிலும் என் பெயர் இல்லை. நான்காவது: பஸ்ஸுக்குப் பதிலாக, மூன்று அலுவலகங்கள் ஓட்டித் தள்ளிய பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றைக் கொடுத்தார்கள். சாவி வாங்கும்போது எடுத்த போட்டோவில் நான் ஓரத்தில் நின்றேன். பேப்பரில் போட்டவர்கள் ஓரத்தை வெட்டிவிட்டார்கள்.

ஐந்தாவது அநியாயம் தபாலில் வந்தது.

“மேற்படி வாகனம் ஒரு லிட்டர் டீசலுக்கு எட்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். வரும் பதினெட்டாம் தேதி சோதனை நடைபெறும். எட்டுக்குக் குறைவாகத் தரும் இன்ஜின் கண்டம் செய்யப்படும்.” ஓட லாயக்கில்லை என்று எழுதி, பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடுவதைத்தான் அலுவலகத்தில் கண்டம் என்பார்கள்.

எங்கள் ஜீப் லிட்டருக்கு ஐந்தரை கொடுத்துக்கொண்டிருந்தது, அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால். அது போய்விட்டால் ஆறு கிலோமீட்டர் மலைப்பாதையில் பழையபடி தலைச்சுமைதான். ஜீப் வருவதற்கு முன்னால் காப்பி மூட்டையும் பிள்ளைத்தாய்ச்சியும் ஒரே மாதிரி தோளில்தான் இறங்கினார்கள். மூட்டை பேசாமல் வரும் என்பது மட்டுமே வித்தியாசம்.

கடிதத்தோடு ஒரு துண்டறிக்கையும் இருந்தது. ‘எரிபொருள் சிக்கனத்துக்கு எளிய வழிகள்’. அச்சடித்த தாளை நான் அலட்சியம் செய்வதில்லை. என் படிப்பு முழுக்க அதில்தான். ஜீப் குழுவைக் கூட்டினேன்.

குழுவில் நான் செயலாளர். தலைவர் பெருமாயி, காப்பிப் பழம் பறிப்பவர், எதையும் தீர்மானம் போடாமல் செய்யமாட்டார். வீட்டில் குழம்புக்குப் புளி கரைப்பதற்குக்கூட ஒரு வழிமொழிபவர் வேண்டும் என்று அவர் வீட்டுக்காரர் சொல்வார். டிரைவர் மொக்கராசு, எண்பத்திரண்டு கிலோ. கணக்குப் பார்ப்பவர் தவசி, எட்டாவது வரை படித்தவர், வகுத்தல் தெரிந்தவர். மூவரும் நல்லவர்கள். மூளையை மட்டும் இயற்கை கொஞ்சம் சிக்கனமாக வைத்துவிட்டது. நான் ஒருவன் இல்லையென்றால் இவர்கள் என்ன ஆவார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

துண்டறிக்கையின் முதல் வழி: தேவையில்லாத எடையை இறக்குங்கள்.

இறக்கினோம். ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட்டுகள், கதவுகள், மேலே போர்த்திய தார்ப்பாய், ஹாரன். ஹாரனுக்குப் பதில் மொக்கராசு வாயாலேயே கத்திக்கொள்வது என்று தீர்மானம். பிறகு தவசி சந்தேகம் கிளப்பினார். டேங்கில் நாற்பது லிட்டர் டீசல் கிடக்கிறதே, அதை யார் சுமக்கிறார்கள்?

“ஜீப்புதான் சுமக்குது” என்றார் மொக்கராசு.

“அப்ப டீசலைச் சுமக்கத்தான் டீசலு குடிக்குதா?” பெருமாயி மோவாயில் கை வைத்தார். “இது நம்ம சங்கத்துல வசூல் பண்றதுக்கே வசூல் பண்ண மாதிரில்ல இருக்கு.”

டேங்கில் கால் லிட்டரை மட்டும் விட்டு, மீதியைக் கேன்களில் எடுத்துத் தவசி தலையிலும் இரண்டு தோளிலும் ஏற்றினோம். முன்னால் நடக்க வேண்டியது, ஜீப் கேட்கும்போது ஊற்ற வேண்டியது. ஒத்திகை நாளில் ஜீப் இரண்டாவது வளைவில் நின்றுவிட்டது. தவசியைக் காணோம். சுமையோடு நடப்பவன் மெதுவாக நடக்கமாட்டான் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அவர் ஊருக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, நிழற்குடையில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வழி: அவசியமான இடத்தில் மட்டும் ஃபோர் வீல் போடுங்கள், மற்ற இடங்களில் பின் சக்கரங்கள் இரண்டு போதும்.

மொக்கராசு அதுவரை சமதரையிலும் ஃபோர் வீலில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஃபோர் வீல் போடுவதற்கென்றே ஒரு கம்பி இருக்கும்போது போடாமல் விடுவது வண்டிக்கு மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். துண்டறிக்கையைப் பார்த்ததும் கம்பியைத் தள்ளிவிட்டு, இனி முன்னால் உள்ள இரண்டும் தானாக உருண்டு வரும், பின்னால் உள்ள இரண்டுதான் வண்டியைத் தள்ளும் என்று விளக்கினார். அங்கேதான் விவகாரம் தொடங்கியது.

“ரெண்டு உழைக்கும், ரெண்டு சும்மா உருண்டு வரும்னு சொல்றியா?” என்று பெருமாயி கேட்டார்.

“ஆமாக்கா.”

“முன்னால போறது யாரு?”

“சும்மா வர்ற ரெண்டும்.”

கூட்டமே குனிந்து முன் சக்கரங்களைப் பார்த்தது. பிறகு பெருமாயி என்னைப் பார்த்தார். “தோழர், இதுக்கா நாம பதினோரு நாள் பட்டினி கெடந்தோம்?”

நான் நீண்ட உரை ஒன்று ஆற்றினேன். உழைக்காத சக்கரங்களை முன்வரிசையில் வைத்து அழகு பார்க்கும் காலம் முடிந்தது என்று அதில் ஓர் இடம் வரும். கைதட்டல் விழுந்தது. திங்கள்கிழமை தோறும் முன் சக்கரங்களைக் கழற்றிப் பின்னாலும், பின் சக்கரங்களைக் கழற்றி முன்னாலும் மாட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஜாக்கியை ஏற்கெனவே இறக்கி வீட்டில் வைத்துவிட்டதால், எட்டுப் பேர் ஜீப்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஃபோர் வீலை எடுத்ததில் லிட்டருக்கு ஐந்தரை ஆறேகால் ஆனது. அது சக்கரங்களுக்குக் கிடைத்த நியாயத்தால் வந்தது என்று தவசி குறிப்பேட்டில் எழுதினார்.

இன்னும் ஒன்றேமுக்கால் வேண்டும். மூன்றாவது வழியை வாசித்தேன்: ஆக்ஸிலேட்டர் பெடலுக்கும் உங்கள் பாதத்துக்கும் நடுவில் ஒரு முட்டை இருப்பதாக நினைத்து ஓட்டுங்கள்.

“நினைக்கிறது என்ன நினைக்கிறது? வச்சே ஓட்டுவோம்” என்றார் தவசி.

மொக்கராசுவும் ஒப்புக்கொண்டார். பாதையில் நினைப்பதற்கு வேறு ஆயிரம் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, எதிரே காட்டெருமை வரும், அதற்கு நடுவில் முட்டையையும் நினைத்துக்கொண்டிருக்க அவரால் ஆகாது. வைத்துவிட்டால் அதுபாட்டுக்கு இருக்கும். முட்டை பெருமாயி வீட்டுக் கோழியுடையது. பிராய்லர் முட்டையை அவர் ஏற்கவில்லை. மொக்கராசு அவித்த முட்டை வைக்கலாமா என்று கேட்டார். அது சோதனையை ஏமாற்றுவது, இந்தக் குழு போராடும், பொய் சொல்லாது என்று பெருமாயி கண்டித்தார். அந்தக் கண்டனத்தையும் குறிப்பேட்டில் ஏற்றினோம்.

முதல் வளைவுக்குள் பதினொரு முட்டை உடைந்தது. பெடல் வழுக்கியது. ஜீப் ஒரு பலா மரத்தை விசாரித்துவிட்டு வந்தது. கோழி எங்களைக் கண்டாலே கூடைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

பன்னிரண்டாவது முட்டைக்கு மொக்கராசு செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சை அடக்கி, பாதத்தை முட்டையின் மேல் பட்டும் படாமலும் வைத்தார். முட்டை உடையவில்லை. ஜீப்பும் நகரவில்லை. துண்டறிக்கையின் வேறொரு மூலையில், நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓட விடாதீர்கள் என்று இருந்தது. அணைத்தார். தவசி டேங்கில் குச்சி விட்டு அளந்து பார்த்துவிட்டுக் கத்தினார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

“இனி ஜீப்பு ஊரு வந்து சேரணும், அது ஒண்ணுதான் பாக்கி” என்றார் பெருமாயி. “அதை நாம பாத்துக்கலாம்.”

பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு ஆய்வாளர் துரைப்பாண்டி மோட்டார் சைக்கிளில் அடிவாரத்துக்கு வந்தார். முப்பது வயது, சட்டைப் பையில் மூன்று பேனா. டேங்கை வாய் வரைக்கும் நிரப்பினார். மூடியில் நூல் சுற்றி அரக்கு வைத்தார். டீசலின் எடை பற்றித் தவசி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டார். விதிப்படி வண்டியில் தானும் வர வேண்டும் என்று ஏறப் போனபோது பெருமாயி வழிமறித்தார்.

“சார் எத்தனை கிலோ?”

“எழுபத்தாறு. எதுக்கும்மா?”

பெருமாயி துண்டறிக்கையின் முதல் வழியை அவர் முகத்துக்கு நேரே காட்டினார். கீழே அவர் அலுவலக முத்திரை இருந்தது. ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். தேவையில்லாதது என்று தன்னை ஒப்புக்கொள்வதா, தன் அலுவலகத் தாளை மறுப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் நிழற்குடையில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மொக்கராசு முட்டையின் மேல் கால் வைத்து உட்கார்ந்தார். ஒன்பது பேர் பின்னால் தோள் கொடுத்தார்கள். நான் முன்னால் கொடி பிடித்துக் கோஷம் போட்டபடி நடந்தேன். தலைமை என்பது தள்ளுவது அல்ல. ஆறு கிலோமீட்டர், ஏழு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நின்று கேப்பைக் கூழ் குடித்தோம். கோஷம் போட்டுத் தொண்டை வறண்டதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்பட்டது. இரண்டு மணிக்கு ஜீப் ஊருக்குள் வந்தது. முட்டையில் ஒரு கீறல் இல்லை.

ஆய்வாளர் அரக்கை உடைத்துப் பார்த்தார். டீசல் வாய் வரைக்கும் அப்படியே நின்றது. ஆறு கிலோமீட்டரைப் பூஜ்யத்தால் வகுத்தார். கால்குலேட்டர் விடைக்குப் பதிலாக ஒரு கோட்டையும் ஓர் எழுத்தையும் காட்டியது. தவசியும் தாளில் வகுத்துப் பார்த்துவிட்டு, எட்டாவதில் அந்தப் பாடம் நடந்த அன்று தான் லீவு என்று சொன்னார்.

“டீசலே குடிக்காம எப்படிம்மா ஏறுச்சு?”

“தள்ளுனோம் சார்” என்றார் பெருமாயி. குழு பொய் சொல்லாது.

ஆய்வாளர் நிழற்குடைத் திண்டில் உட்கார்ந்து வெகுநேரம் படிவத்தையே பார்த்தார். இன்று மாலைக்குள் அது அலுவலகத்தில் இருக்க வேண்டும், ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. ஜீப்பின் சொந்த இன்ஜின் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை, ஆகவே அதன் மேல் குற்றம் எழுத முடியாது, அது ஊரிலேயே இருக்கட்டும் என்று கடைசியில் சொன்னார். ஊரே கைதட்டியது. கோழியைப் பெருமாயி தூக்கி முத்தமிட்டார்.

“ஏழாவது கட்டம் ஒண்ணு இருக்கு” என்றார் ஆய்வாளர். “சோதனையில் வாகனத்தை நகர்த்திய இன்ஜினின் பெயர். எதை எழுதட்டும்?”

ஒன்பது பேரையும் எழுதச் சொன்னார் மொக்கராசு. ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. பெருமாயி கோழியின் பெயரை முன்மொழிந்தார். தவசி வழிமொழிய வாயைத் திறந்துவிட்டார்.

நான் எழுந்தேன். மஞ்சள் கல், கல்வெட்டு, நிழற்குடைச் சுவர், வெட்டிய போட்டோ ஓரம் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னேன். இந்த ஊரை நாற்பது வருடமாக நகர்த்துகிறவன் யார் என்று கேட்டேன். அந்தக் கட்டத்தில் என் பெயரை முதலெழுத்தோடு, பிழையில்லாமல் எழுத வேண்டும், எழுதியதைச் சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும், வாசிக்கும் வரை இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தேன்.

ஆய்வாளர் மறுக்கவில்லை. எத்தனை லிட்டர் கூழ் ஆனது என்று மட்டும் கேட்டார். பானையைப் பார்த்துத் தவசி பன்னிரண்டு என்றார். இந்த முறை வகுத்தல் சரியாக வந்தது, லிட்டருக்கு அரை கிலோமீட்டர். ஆய்வாளர் எழுதினார், ஊதினார், முத்திரை குத்தினார். டீக்கடைக்காரரையும் தபால்காரரையும் சாட்சிக்கு அழைத்து நிறுத்தினார். மொக்கராசு முட்டையைக் கையில் ஏந்தியபடி எழுந்து நின்றார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

“எட்டுக்குக் குறைவாகக் கொடுத்தபடியால், ஓட லாயக்கற்றது என இன்று சாட்சிகள் முன்னிலையில் கண்டம் செய்யப்பட்ட இன்ஜின்: வீ. சோலைமலை.”