வீரபாகு சாரோட சட்டை

வீரபாகு சாருக்கு நாப்பத்தேழு வயசு. காலேஜ்ல பாடம் நடத்திக்கிட்டிருந்தவரு, சம்பளமில்லாத லீவு போட்டுட்டு டாக்டர் பட்டத்துக்கு வந்து உக்காந்திருக்காரு. அவரோட கைடு ரஹ்மத் நிஷா மேடம் அவரவிடப் பத்து வயசு சின்னவங்க. இவரு 'மேடம்'ம்பாரு, அவங்க 'சார்'ம்பாங்க. யாரு யாருக்குக் குருன்னு வாட்ச்மேனுக்கு இன்னும் சந்தேகம்தான்.

அன்னிக்கு சார் மூஞ்சியே சரியில்ல.

"மேடம், எனக்கு ஒண்ணுமே புரியல."

"நல்லது. உக்காருங்க."

விஷயம் இதுதான். சார் ஒரு வேர்லேருந்து வலி மருந்து எடுத்திருக்காரு. சுண்டெலியோட பாதத்துல எரிச்சல் ஊசி போட்டா, அது அந்தப் பாதத்த நக்கிக்கிட்டே இருக்கும். மருந்து வேலை செஞ்சா நக்காது. சார் மருந்து குடுத்த எலி ஒண்ணுகூட நக்கல. வெறும் தண்ணி குடுத்த எலிங்க நக்கித் தள்ளுச்சு. பிரமாதமான ரிசல்ட்டு. நாளைக்கு எலி ஆராய்ச்சிக் கமிட்டி கூடுது. அவங்க சரின்னுட்டா, ஆபரேஷன் பண்ற எலிங்களுக்குப் பழைய வலி மருந்த நிறுத்திட்டு சாரோட மருந்தத்தான் குடுப்பாங்க.

நடுவுல சாருக்குக் காய்ச்சல் வந்துச்சு. கூட வேலை பாக்குற எஸ்தர்தான் அவரோட மருந்த எலிங்களுக்குக் குடுத்தா. அத்தனையும் நக்குச்சு.

"எஸ்தருக்குக் கை சரியில்ல மேடம்."

"எனக்கா?" பின்னாலேருந்து எஸ்தர். "அதே பாட்டிலு, அதே அளவு, அதே ஊசி சார். நீங்க எலி காதுல தனியா என்ன சொன்னீங்களோ!"

"பாத்தீங்களா மேடம், கிண்டல?"

மேடம் சிரிக்கல. "எப்பவும் தண்ணி குடுக்குறது யாரு சார்?"

"இவங்கதான். மருந்து என்னோட மூணு வருஷ உழைப்பு, அத இன்னொருத்தர் கையில குடுப்பேனா? தண்ணிதானே, யாரு குடுத்தா என்ன?"

மேடம் அவரையே பாத்தாங்க.

"சார், சட்டையக் கழட்டுங்க."

"மேடம்?"

"லேப் கோட்டு இருக்குல்ல? அத மாட்டிக்குங்க."

வீரபாகு சார் எஸ்தரப் பாத்தாரு. எஸ்தர் சட்டுனு ஃபேனப் பாத்தா.

சார் பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள, எஸ்தர் அன்னிக்கு முறைக்குத் தண்ணி எலிங்களுக்கு எரிச்சல் ஊசி போட்டே முடிச்சிட்டா. வெள்ளைக் கோட்டுக்குக் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு, கட்டம் போட்ட சட்டைய ரெண்டு விரலால தூக்கிக்கிட்டு வந்தாரு சார், யாரோ தொலைச்ச சட்டைய இவரு கண்டெடுத்த மாதிரி.

எலி ரூமுக்கு வெளிய இருந்த கேமரா திரையில எலிங்க நக்கு நக்குன்னு நக்கிக்கிட்டிருந்துச்சுங்க.

மேடம் உள்ள போயி, கூண்டுக்குப் பக்கத்துல ஸ்டூல் மேல சட்டைய வெச்சிட்டு, சத்தமில்லாம வெளிய வந்தாங்க.

ஒரு எலி மூக்கத் தூக்குச்சு. இன்னொண்ணு மூலைக்குப் போச்சு. கொஞ்ச நேரத்துல ஒண்ணுகூட நக்கல. உக்காந்தது உக்காந்தபடியே.

சார் திரைக்கு மூக்கு முட்டுற அளவுக்குக் கிட்டப் போனாரு.

"இதுங்களுக்கு மருந்தே குடுக்கலியே மேடம்!"

"குடுக்கல."

"அப்ப என் சட்டைக்கு வலியப் போக்குற சக்தி..."

எஸ்தர் இருமினா.

"எலிக்கு ஆம்பள வாடைன்னா உதறல் சார். பயத்துல நக்குறதக்கூட நிறுத்திடும்," மேடம் சொன்னாங்க.

"நான் ஒரு நாள்கூட அதுங்கள அதட்டினதில்ல. வாலப் புடிச்சுத் தூக்கினதில்ல." சார் கோட்டுப் பட்டனத் திருகிக்கிட்டே கேட்டாரு. "இப்ப வலி இருக்கா, இல்லியா? நக்கலியே மேடம்! கமிட்டில நான் என்னன்னு சொல்றது?"

மேடம் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"எங்க அத்தாவும் யாரையும் அதட்டினதில்ல சார். ரொம்ப நல்லவரு. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், புள்ளைங்க நாங்க அஞ்சு பேரும் கப்சிப். அழுதுக்கிட்டிருக்குற அம்மா மூஞ்சியத் தொடச்சிட்டு சோறு எடுத்து வைப்பாங்க. கடைசி வரைக்கும் அவரு பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லுவாரு, 'எங்க வீட்ல யாருக்கும் ஒரு கொறையும் கிடையாது'ன்னு."

வீரபாகு சார் சட்டைய எடுக்கப் போனாரு. எலி ரூம் கதவுக் கைப்பிடில கைய வெச்சாரு. தொறக்கல. அங்கேயே நின்னாரு.