குப்பாண்டி கல்யாணத்துக்கு வாங்கிய கியர்பாக்ஸ்

மேலச்சாலூர் வடமலை, ஐயாறு, குப்பாண்டி மூவரும் ரொம்ப நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். கதை போகப்போக உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

அண்ணன் தம்பிகளான இந்த மூவருக்கும் பொதுவாக ஒரு பழைய ஃபாரின் கார் இருந்தது. ஆட்டோமேடிக். கிளட்ச் கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். முப்பது வருஷம் மாற்றி மாற்றி அலுத்துப்போனதோ என்னவோ, தை பிறந்ததும் முன்னால் போவதை நிறுத்திவிட்டது. ரிவர்ஸ் மட்டும் விழுந்தது.

வேறு சமயமாக இருந்தால் பரவாயில்லை. அந்த வெள்ளிக்கிழமை கடைக்குட்டி குப்பாண்டிக்குக் கல்யாணம். முப்பத்தொன்பது வயதில், நான்காவதாக அமைந்த வரன். முதல் மூன்றும் கைநழுவிப்போன கதையை எடுத்தால் அவன் அழுதுவிடுவான். பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "மாப்பிள்ளை சொந்தக் கார்ல வந்து இறங்கணும். பஸ்ல வந்தா அதே பஸ்ல திரும்பிப் போயிரலாம்."

மெக்கானிக் சவரிமுத்து காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"கியர்பாக்ஸ் போச்சு. கழட்டித் தர்றேன், மதுரைக்குக் கொண்டுபோங்க. பழைய வண்டிச் சாமான் கடையில இதே கம்பெனி, இதே மாடல் கேளுங்க. இது எப்படி இருக்கோ அச்சு அசலா அப்படியே இருக்கணும். ஒரு இம்மி வித்தியாசம் இருந்தாலும் வாங்காதீங்க. போற வழியில நிமித்தி வைக்காதீங்க, ஆயில் ஒழுகும். படுக்க வைங்க."

படுக்க வைத்தார்கள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் கியர்பாக்ஸைப் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, இரண்டு மணி நேரமும் அண்ணன் தம்பிகள் நின்றுகொண்டே போனார்கள்.

"யாருய்யா படுத்திருக்கறது?" என்றார் கண்டக்டர்.

"நம்ம கியர்பாக்ஸ்" என்றார் வடமலை. "முன்னால போக முடியலை."

பக்கத்து சீட்டு அம்மாள், மதுரையில் எல்லாம் நல்லபடியாகப் பார்ப்பார்கள் என்று ஆறுதல் சொல்லி, போர்வைக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சுப் பழம் வைத்தாள்.

கடையில் அதே மாடல் கார்கள் மூன்று, பிரிப்பதற்காக நின்றன. கடைக்காரர் முதல் காரில் ஏறி ஓட்டிக் காட்டினார். முன்னால் போனது, பின்னால் வந்தது. கியர் மாறியதே தெரியவில்லை.

மூவரும் ஒதுங்கிப் போய்ப் பேசினார்கள்.

"முன்னாலயும் போகுதே" என்றார் வடமலை.

"கவனிச்சேன். நம்மளுது போகாது" என்றான் ஐயாறு.

"ஒரு இம்மி மாறினாலே வாங்காதன்னாரு. இது நாப்பது அடி போகுது."

இரண்டாவது கார் இன்னும் மோசம். மேட்டில்கூட முன்னால் ஏறியது. குப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்குமாண்ணே?" என்றான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மூன்றாவது காரின் மேல் கடைக்காரர் வேட்டி காயப்போட்டிருந்தார்.

"அதை விடுங்க. ரிவர்ஸ் மட்டுந்தான் விழும்" என்றார்.

குப்பாண்டி ஓடிப்போய் அந்தக் காரைக் கட்டிக்கொண்டான்.

"யோவ், அது கெட்டுப்போனதுய்யா!"

"எங்களுதும் அப்படியேதாங்க" என்றார் வடமலை பெருமையாக.

கடைக்காரர் நேர்மையான மனுஷன். அரைமணி நேரம் மன்றாடிப் பார்த்தார். நல்லதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று இவர்களுக்குச் சந்தேகம்தான் வந்தது. கடைசியில் வேட்டியை எடுத்துவிட்டு அதையே கழற்றிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை மாலை சவரிமுத்து அதை மாட்டினார். முன்னால் போகிற கியரில் போட்டார், கார் அசையவில்லை. ரிவர்ஸில் போட்டதும் சரேலென்று பின்னால் போய்ப் பட்டறைக் கதவைப் பெயர்த்தது.

"அச்சு அசல்!" என்று மூவரும் கைதட்டினார்கள். "போன வாரமும் இதே கதவுதான்!"

மதுரையில் நடந்ததையெல்லாம் வடமலை விவரமாகச் சொன்னார். கேட்டு முடித்ததும் சவரிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"இனிமே சீட்டையெல்லாம் திருப்பிப் போட்டுட்டு ஓட்டுங்க. போங்கப்பா."

இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று மூவரும் வெட்கப்பட்டார்கள். அங்கேயே சீட்டுகளைக் கழற்றித் திருப்பிப் போட்டார்கள்.

மறுநாள் காலை வடமலை பின்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். ஐயாறு கீழே படுத்து, அவர் சொல்லச் சொல்ல ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் கையால் அமுக்கினான். குப்பாண்டி மாலையோடு கண்ணாடி ஓரம் சம்மணம் போட்டிருந்தான். எதிரே வந்த லாரிகளெல்லாம் பதறிப்போய் மண்ணில் இறங்கி வழிவிட்டன.

"மாப்பிள்ளைன்னா என்ன மரியாதைண்ணே!" என்றான் குப்பாண்டி.

மண்டபத்து வாசலில் பெண்ணின் அப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். கார்தான். மாப்பிள்ளை அதிலிருந்துதான் இறங்கினான். முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. ஒன்பதே காலுக்குத் தாலி கட்டியாயிற்று. குப்பாண்டி அழுதேவிட்டான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாப்பாடு முடிந்து கிளம்பினார்கள். கார் வாசலைத் தாண்டிப் பத்தடி போனதும் மணப்பெண் செண்பகவல்லி, "ஐயோ, என் பை அப்பா கையில இருக்கு. கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க" என்றாள்.

சீட்டைத் திருப்பிய பிறகு பின்னால் வர, முன்னால் போகிற கியரைத்தான் போட வேண்டும்; போட்டுப் பார்த்தார்கள். கார் அசையவில்லை. அந்தப் பத்தடிக்காக ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியதாயிற்று.

"ரிவர்ஸ் இல்லாத காரையா எங்கப்பாகிட்ட காட்டுனீங்க?" என்றாள் அவள்.

மாலைகூடக் கழற்றாமல் நேராகப் பட்டறைக்கு வந்தார்கள்.

"சவரியண்ணே, முன்னால அருமையாப் போகுது" என்றான் குப்பாண்டி. "ரிவர்ஸ்தான் விழ மாட்டேங்குது."

சவரிமுத்து கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மதுரையில வேண்டாம்னு விட்டுட்டு வந்தீங்களே ரெண்டு, அதுல ஒண்ணை வாங்கிட்டு வாங்க. அதுல ரிவர்ஸும் இருக்கும்."

மூவரும் ஒதுங்கிப் போய்ப் பேசினார்கள். புதுப்பெண்ணும் சேர்ந்துகொண்டாள். ரொம்ப நேரம் ஆனது. கடைசியில் அவளே வந்து முடிவைச் சொன்னாள்.

"அதுல முன்னால போறதும் சேந்தே வருதாம்ணே. அதுதான் எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கே. ரிவர்ஸ் மட்டும் போற மாதிரி ஒண்ணு எங்கயாச்சும் கிடைக்குமா?"