கயிறு பிடித்த மச்சான்

கடல் கோயில் வாசல் வரை வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், வெண்சங்குத்துறை என்று முத்துக்குளிக்கும் ஊர் ஒன்று இருந்தது. அந்த ஊரிலே பிட்டன் என்று ஒருவன் இருந்தான். கேளுங்கள், பிள்ளைகளே, பெரியவர்களே. சிரித்துக்கொண்டே கேட்கிற கதை இல்லை இது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

பிட்டனுக்குத் தெரியாத வேலை இல்லை. கூரை வேய்வான், வலை பின்னுவான், பிசகிய எலும்பை நீவிச் சேர்ப்பான். ஆடு ஈன முடியாமல் தவித்தால் அதற்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எந்த வேலையையும் நாலு நாள் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், ஐந்தாம் நாள் தானே செய்துவிடுவான். எதிலும் கரைகண்டவன் என்று சொல்ல முடியாது, ஆனால் காரியம் நடந்துவிடும். யார் கூப்பிட்டாலும் ஓடுவான். ஓடுவதில் அவனுக்கு ஒரு ருசி. அவன் வீட்டு அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருக்கும், அவன் எவன் வீட்டுக் கூரைமேலோ உட்கார்ந்திருப்பான்.

அவன் தங்கை செம்பி. அவள் புருஷன் கொற்றன். கொற்றனுக்குத் தெரிந்தது ஒரே வேலை, கடலுக்கு அடியில் போய் முத்துச் சிப்பி எடுப்பது. கரையில் அவன் சுத்த உதவாக்கரை. முளை அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொண்டு வருவான்.

"எங்க அண்ணன் ஒத்தக் கையால செய்யிறத நீங்க நாலு கை இருந்தாலும் செய்ய மாட்டீக" என்று செம்பி கேலி செய்வாள்.

"அதான் உங்க அண்ணன் இருக்காருல்ல புள்ள, எனக்கென்ன கவலை?" என்பான் கொற்றன். மனதார அப்படித்தான் நம்பினான், பாவி.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. முத்துக்குளிப்பவனின் இடுப்புக் கயிற்றை அவன் மச்சான்தான் படகிலிருந்து பிடிக்க வேண்டும். வேறு எவன் கையும் அதில் படக்கூடாது. கூடப் பிறந்தவள் தாலியறுத்து நிற்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? அதனால் அந்த ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர்கள் பாசத்தைக் கணக்கில் எடுத்தார்கள், கவனத்தை எடுக்க மறந்துபோனார்கள்.

கீழே போனவன் மூச்சு முடியும் மட்டும் சிப்பி அள்ளுவான். பிறகு கயிற்றை வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டி இழுப்பான். மேலே இருப்பவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும். தானாக நீந்தி வரக் கீழே இருப்பவனிடம் மூச்சு மிச்சம் இருக்காது. மேலே ஆள் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் அவன் மிச்சம் வைக்காமல் செலவழிக்கிறான்.

கொற்றனின் கயிற்றை அதுவரை பிடித்தவன் செம்பியின் மூத்த அண்ணன். அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். மிச்சம் இருந்த அண்ணன் பிட்டன் ஒருவன்தான்.

மற்றப் படகுகளில் கயிறு பிடிப்பவர்கள் எல்லாம் வேறொரு வேலையும் அறியாதவர்கள். கயிறு கைக்கு வந்துவிட்டால் பேச மாட்டார்கள், திரும்ப மாட்டார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. பிட்டன் அவர்களைப் பார்த்துச் சிரிப்பான். "இதெல்லாம் ஒரு வேலையா? புடிக்கக் கை இருந்தா ஆச்சு" என்பான்.

பருவம் தொடங்கிய அன்று செம்பி கரை வரைக்கும் வந்தாள். "அண்ணே, அவுக உசுரு உன் கையில" என்றாள்.

"போ தங்கச்சி, நான் பாக்காத வேலையா?" என்று படகில் ஏறினான் பிட்டன்.

கொற்றன் முதல் முறை மூழ்கினான். துடுப்பு போடுகிறவன் ஒருவன், "அண்ணே, துடுப்புக் கட்டு நழுவுது, எப்படிக் கட்டணும்?" என்று கேட்டான். பிட்டன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி வாயாலேயே சொல்லிக்கொடுத்தான். கயிறு வெட்டியது. இழுத்தான். கொற்றன் பை நிறையச் சிப்பியோடு சிரித்துக்கொண்டே மேலே வந்தான்.

இரண்டாம் முறை மூழ்கினான். படகில் ஓரிடத்தில் நீர் கசிந்தது. இன்னொருவன் அங்கே தேங்காய் நாரைத் தப்பும் தவறுமாகத் திணித்துக்கொண்டிருந்தான். பிட்டனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு கையில் கயிறு, மறு கையால் நாரை அடைத்தான். கயிறு வெட்டியது. ஒற்றைக் கையால் இழுக்கச் சற்றுத் தாமதம். கொற்றன் கண் சிவந்து இருமிக்கொண்டே வந்தான்.

"கொஞ்சம் சுணங்கிப்போச்சு மச்சான்."

"வந்துட்டேல்ல மாப்ளே" என்று முதுகில் தட்டினான் பிட்டன். கொற்றன் தலையாட்டிவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி இறங்கினான்.

அது மூன்றாம் முறை. அவன் இறங்கிய கொஞ்ச நேரத்தில் படகின் தலைவரான தண்டல் ஈரப் பலகையில் வழுக்கி விழுந்தார். தோள் மூட்டு கழன்றுவிட்டது. கழுத்தறுபட்ட கிடாய்போல அலறினார். "பிட்டா, வாடா, உசுரு போகுதுடா!"

தோளைச் சேர்க்க இரண்டு கையும் வேண்டும். கயிற்றை வேறொருவனிடம் கொடுக்கலாமா? மச்சான் அல்லாத கை படக்கூடாதே! வழக்கத்தை மீறப் பிட்டனுக்கு மனம் வரவில்லை. கயிற்றைப் படகின் குறுக்குக் கட்டையில் கட்டினான். அவிழாத முடிச்சாகப் போட்டான். நாலே எட்டில் தண்டலிடம் போனான், கையைப் பிடித்தான், நீவினான், திருகினான். மூட்டு சேர்ந்துகொண்டது. அலறல் நின்றது. படகே ஆரவாரம் செய்தது.

அந்த ஆரவாரத்தில் கட்டையில் கட்டிய கயிறு துடித்தது. கட்டைக்கு என்ன தெரியும்? ஒருவன் பார்த்தான், அலை இழுக்கிறது என்று நினைத்தான். மற்றொருவன், மச்சான் பிடிக்கிற கயிறு, நமக்கென்ன என்று பேசாமல் இருந்துவிட்டான். கயிறு மறுபடி துடித்தது. இன்னொரு முறை துடித்தது. பிறகு துடிக்கவில்லை.

பிட்டன் திரும்பி ஓடிவந்தான். அவசரத்தில் அவன் போட்ட முடிச்சே அவனுக்கு அவிழவில்லை. முடிச்சை விட்டுவிட்டு, கட்டைக்கு அப்பால் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கொற்றன் வந்தான். பை நிறைந்திருந்தது.

கரையில் செம்பி அழவில்லை. புருஷனின் ஈரத் தலையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கயிறு எங்கண்ணே இருந்துச்சு?"

ஊரில் எவன் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்த பிட்டன் உள்ளதைச் சொன்னான்.

"கட்டையில கட்டியிருந்தேன் தங்கச்சி."

"அவுகளுக்கு ஒரு வேலதான் தெரியும்ணே. உன்னைய நம்பிக் கீழ இருக்கிறது."

அதற்குமேல் அவள் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, சாகும்வரை அண்ணனோடு பேசவில்லை. பருவங்கள் வந்தன, போயின. எந்தப் படகும் பிட்டனை ஏற்றவில்லை. ஊர்க்காரர்கள் கூரைக்கும் வலைக்கும் ஆட்டுக்கும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவனும் போய்க்கொண்டுதான் இருந்தான். வேறென்ன செய்வான்? செம்பியின் கூரை ஒரு மழையில் சரிந்தது. அதைக் கட்ட அவள் வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்தாள்.

தண்டலின் தோள் நன்றாகக் குணமாயிற்று. வயதாகும்வரை படகு ஓட்டினார். கரையில் பிட்டனைக் காணும்போதெல்லாம் நன்றி மறவாமல் அந்தக் கையைத் தூக்கிக் கும்பிடுவார். பிட்டன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: நூறு வேலை தெரிந்திருப்பது குற்றமில்லை, ஆனால் ஓர் உயிர் உன் கையில் இருக்கும் நேரத்தில் அந்த ஒரு வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாதவனாக இரு.