டான் கலோஜெரோவை அறிமுகம் செய்தவர்

அரண்மனை கிடையாது, யானைப்படை கிடையாது. ஆனாலும் அவர் ராஜாதான். நியூயார்க் நகரில், ஆற்றுக்கு இக்கரையில், டான் கலோஜெரோ வருகிறார் என்றால் மீன் சந்தையே எழுந்து நிற்கும். சிசிலித் தீவிலிருந்து கப்பலேறி வந்த கூட்டத்தின் தலைவர் அவர். எதையெல்லாம் செய்யக்கூடாது என்று சட்டப் புத்தகத்தில் போட்டிருக்கிறதோ, அதெல்லாம் அவர்களுடைய தொழில்.

ராஜாவுக்குத் தளபதி உண்டு. பெயர் கயெத்தானோ. ஐம்பது அடியாட்கள் அவர் கண்ணசைவுக்குக் காத்திருப்பார்கள். மந்திரியும் உண்டு. அவரைக் ‘கான்சிலியேரி’ என்பார்கள், அதாவது ஆலோசகர். பெயர் நுன்சியோ. அவருக்கு அடியாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. டானின் முகத்துக்கு நேரே ‘இது தப்பு’ என்று சொல்லும் உரிமை மட்டும் இருந்தது. அந்த ஒன்றுக்காகவே கயெத்தானோவுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

அந்தக் கூட்டத்தாரிடம் ஒரு சம்பிரதாயம். ‘நானும் உங்க ஆள்தான்’ என்று யாரும் தானாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. இரண்டு பேரையும் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் நின்று, ‘இவரும் நம்மவர், அவரும் நம்மவர்’ என்று சொல்ல வேண்டும். அதுவரை தொழில் பேச்சு எடுக்கக் கூடாது. எடுத்தால், டானே ஆனாலும் தலை போய்விடும்.

ஒருமுறை, ஐஸ் லாரியை எங்கே நிறுத்துவது என்பதில் அக்கரைக் கூட்டத்தோடு தகராறு வந்தது. அக்கரைக்குத் தலைவர் டான் சில்வெஸ்த்ரோ. பதினாறு மண்டைகள் உடைந்த பிறகு, உணவு விடுதி ஒன்றில் சமாதானம் பேசுவதென்று முடிவாயிற்று. இரண்டு கரைக்கும் பொதுவான ஒரே மனிதர் கிழவர் பெப்பினோ. அவர் வந்து அறிமுகம் செய்து வைப்பதாக ஏற்பாடு.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு டான்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பன்னிரண்டே காலுக்குச் செய்தி வந்தது. பெப்பினோ சவரக் கடை நாற்காலியிலேயே காலமாகிவிட்டார். பாதி முகம்தான் சவரம் ஆகியிருந்ததாம்.

இப்போது என்ன செய்வது? இரண்டு டான்களும் இருபது வருஷமாக ஒருவரையொருவர் அறிவார்கள். ஒருவர் தொப்பியை ஒருவர் துப்பாக்கியால் சுட்டதுகூட உண்டு. ஆனால் முறைப்படி அறிமுகம் ஆகவில்லையே. ஆகவே வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மழையைப் பற்றி. பனியைப் பற்றிப் பேசி முடித்தபோது இரண்டு மணி. மூன்று மணிக்குள் சமாதானம் ஆகவில்லையென்றால், வெளியே நிற்கும் இரு தரப்பு ஆட்களும் சுடத் தொடங்கிவிடுவார்கள்.

டான் கலோஜெரோ நுன்சியோவை அருகே அழைத்தார். மூன்றுக்குள் வழி சொல்லாவிட்டால் ஆலோசகரே வேண்டாம் என்றார்.

“ஆத்துல இறக்கிவிட்டுடலாம் டான். மீன்களுக்கு ஆலோசனை சொல்லிக்கிட்டு இருக்கட்டும்” என்றார் கயெத்தானோ.

நுன்சியோ ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்ச் சாரியில் ஒரு சாம்பல் நிறக் கார். உள்ளே துப்பறியும் போலீஸ் அதிகாரி மக்ராத், ரொட்டி தின்றபடி விடுதியையே பார்த்துக்கொண்டிருந்தார். நுன்சியோ விடுவிடுவென்று வெளியே போனார். குளிருக்குச் சூடாக ஒரு காபி குடிக்கலாம் என்று சொல்லி, அவரை உள்ளேயே கூட்டி வந்துவிட்டார்.

“சார், இவர் பாலாடைக்கட்டி விற்கிறவர். அவர் குடை ரிப்பேர் செய்கிறவர். ரெண்டு பேரும் யாருன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியாது பாவம்” என்றார் நுன்சியோ.

மக்ராத்தின் முகம் தக்காளியாகச் சிவந்தது. இவர்களைப் பற்றியே இருபது வருஷம் கோப்பு எழுதிய மனிதர் அல்லவா? இதை எப்படிப் பொறுப்பார்?

“யார்கிட்ட கதை விடுறே? இவர் கலோஜெரோ, இக்கரைக் கூட்டத்துக்குத் தலைவர். அவர் சில்வெஸ்த்ரோ, அக்கரைக்குத் தலைவர். ரெண்டு பேரும் ஒரே ஜாதி வேலைதான் பார்க்கிறாங்க.”

“நிச்சயமாத் தெரியுமா சார்?”

“எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சொல்வேன்.”

நுன்சியோ பணிவாக நன்றி சொல்லி, காபியைக் கையில் கொடுத்து, வாசல்வரை வழியனுப்பி வைத்தார். இரண்டு டான்களும் எழுந்தார்கள். முதன்முறையாகப் பார்த்துக்கொண்டவர்கள்போலக் கைகுலுக்கினார்கள்.

கயெத்தானோ குறுக்கே பாய்ந்தார். அறிமுகம் செய்கிறவர் நம்மவராக இருக்க வேண்டும், போலீஸ்காரர் எப்படி நம்மவர் ஆவார், இந்த அறிமுகம் செல்லாது என்று வாதாடினார். குலுக்கிய கைகள் சட்டென்று பிரிந்தன. ஒவ்வொன்றும் அவரவர் கோட்டுக்குள் போயிற்று.

நுன்சியோ அவர் பக்கம் திரும்பினார். “தளபதி, நம்ம வீட்டுக் கல்யாணம் ஒண்ணையாவது அவர் விட்டதுண்டா? சாவுன்னா மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறார். ராப்பகலா நம்ம வாசலே கதின்னு கிடக்கிறார். டான் எப்போ எங்கே போனார்னு டானுக்கே மறந்திருக்கும், அவருக்கு மறக்காது. நீங்க போன வருஷம் ஆறு மாசம் சளின்னு படுத்துட்டீங்க. உங்க ரெண்டு பேர்ல யார் நம்மவர்னு நீங்களே சொல்லுங்க.”

முதலில் சில்வெஸ்த்ரோ சிரித்தார். பிறகு கலோஜெரோ, மேஜையைத் தட்டித் தட்டி. மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஐஸ் லாரிக்கு இடம் முடிவாயிற்று. நுன்சியோவுக்கு டான் தம் கைக்கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்தார். கயெத்தானோவுக்கும் ஒரு வேலை கொடுத்தார்: மக்ராத்தின் காருக்குள் உட்கார்ந்து, கடமை தவறாமல் இருப்பது எப்படி என்று ஒரு வாரம் கற்றுக்கொண்டு வரவேண்டும்.